சேப்பாக்கத்துக் கட்டியங்காரர்கள்

கல்லுக்கு ஞாபகசக்தி அதிகம். பழைய கோயில் சுவர்களைச் சுற்றி வந்தால் எந்த அரசன் காலத்தில் யார் எவ்வளவு நிலம் விட்டார், எத்தனை கலம் நெல் அளந்தார் என்பதெல்லாம் எழுத்தெழுத்தாக வெட்டப்பட்டிருக்கும். சோழர் காலத்தில் சந்நிதியில் ஒரு நந்தா விளக்கு எரிய, பெரும்பாலும் 96 ஆடுகள் என்று கணக்கு. ஆடு கொடுத்தவர் பெயர் ஆயிரம் வருஷமாக நிலைத்திருக்கிறது. ஆனால் அந்த விளக்கின் எதிரே நின்று உருகி உருகிப் பாடியவரின் குரல்? அதற்குக் கல்வெட்டு கிடையாது. பாடி முடித்தவுடன் காற்று அதை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

நான் இருக்கும் அடி அண்ணாமலையில் இந்த எண்ணம் அடிக்கடி வரும். திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள் கிழக்கே பெரிய கோபுரத்தைப் பார்ப்பார்கள். கிரிவலம் போகிறவர்கள் மேற்குப் பக்கம் திரும்பும்போது எங்கள் ஊரைக் கடப்பார்கள். இங்கே ஆதி அருணாசலேசுவரர் கோயில் இருக்கிறது. மாணிக்கவாசகருக்கும் ஒரு கோயில் உண்டு. பாவை பாடிய வாயை வணங்குவதற்கென்று ஒரு கோயில்! ஏட்டில் ஏறியதால் அவருடைய சொல் பிழைத்தது. ஏட்டில் ஏறாத குரல்கள் என்னவாயின?

அப்படிப்பட்ட சில குரல்களைப்பற்றி எழுதவேண்டும் என்று வெகுநாளாக எனக்கு ஓர் ஆசை. அவை தமிழில் கிரிக்கெட் வர்ணனை செய்தவர்களின் குரல்கள். மாணிக்கவாசகரிலிருந்து கிரிக்கெட்டுக்கு வந்துவிட்டானே என்று வாசகர்கள் சிரிக்க வேண்டாம். ஒரு துரைமார் விளையாட்டு தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைக்கும் அடுப்பங்கரைக்கும் எப்படி வந்து சேர்ந்தது என்பதும் சரித்திரம்தான்.

சென்னை கிரிக்கெட் கிளப் 1846இல் ஏற்பட்டது. வெள்ளைக்காரர்களுக்கு மட்டுமே அதில் இடம். சேப்பாக்கத்தில் ஆட வந்த இந்தியர்கள் மத்தியானச் சாப்பாட்டை மரத்தடியில் உட்கார்ந்து முடித்துக்கொள்ள வேண்டும். துரைமார்கள் கூடத்துக்குள் சாப்பிடுவார்கள். இந்த அவமானம் பொறுக்காமல்தான் புச்சிபாபு நாயுடு 1888இல் சென்னை யுனைடெட் கிளப்பை நிறுவினார் என்று சொல்வார்கள். பிறகு வெள்ளையர் அணியும் இந்தியர் அணியும் மோதும் மாகாணப் பந்தயம் ஏற்பட்டது. 1915க்குப் பிறகு, ஏறக்குறைய வருஷந்தோறும், பொங்கலை ஒட்டிச் சேப்பாக்கத்தில் அது நடந்தது. கரும்பும் கிரிக்கெட்டும் சென்னையில் ஒரே பருவத்துப் பொருள்கள் ஆனது அப்படித்தான்.

ஆயினும், ஆட்டத்தைப் பார்க்க மைதானத்துக்குப் போயாக வேண்டும். வெளியூர்க்காரனுக்கு மறுநாள் பத்திரிகைதான் கதி.

அந்தக் குறையைத் தீர்க்க வந்தது வானொலி. நம் நாட்டில் அதற்கு முன்னோடியாக நின்ற ஊர்களில் சென்னையும் ஒன்று. சி. வி. கிருஷ்ணசாமி செட்டி என்பவர் சில நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு 1924இல் சென்னை மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கினார். அந்த வருஷம் ஜூலை 31ந் தேதி ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. பணமுடையால் 1927இல் கிளப் நின்றுபோயிற்று. அதன் கருவியைச் சென்னை நகராட்சி வாங்கிக்கொண்டு 1930இல் மறுபடி ஒலிபரப்பத் தொடங்கியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்து ஜனங்களைக் கேட்கச் செய்தார்கள். 1938 ஜூன் 16ந் தேதி அகில இந்திய ரேடியோவின் சென்னை நிலையமும், அடுத்த வருஷம் திருச்சி நிலையமும் பிறந்தன. அதன் பின்னர் பஞ்சாயத்து ரேடியோ கிராமத்துக்கு வந்தது. மாலையில் செய்திக்கும் வயலும் வாழ்வுக்கும் ஊரே கூடி நின்ற கதையை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

கிரிக்கெட் வர்ணனை முதலில் பேசிய பாஷை ஆங்கிலம். 1934இல் பம்பாயில் நடந்த ஒரு பந்தயத்தை ஏ. எஃப். எஸ். தல்யார்கான் வர்ணித்தார். இந்திய வர்ணனையின் பிள்ளையார் சுழி என்று அதைச் சொல்வது வழக்கம். மகா ரோஷக்காரர். காலை முதல் மாலை வரை ஒருவராகவே பேசுவார். மைக்கை இன்னொருவருடன் பங்கு போட்டுக்கொள்ளச் சொன்னபோது, முடியாது என்று எழுந்து போய்விட்டார். பிறகு விஜயநகரம் மகாராஜகுமார் வந்தார். 1936இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்குத் தலைவராக இருந்தவர். எதிரே நடக்கும் ஆட்டத்தை விட்டுவிட்டுப் பழங்கதைகளுக்குள் போய்விடுவாராம். அவர் பல புலிகளை வேட்டையாடியவர் என்று கேள்விப்பட்ட ஒரு மேல்நாட்டு ஆட்டக்காரர், ‘துப்பாக்கி எதற்கு? பேசினாலே போதுமே’ என்றாராம். சென்னையிலும் பாலு அளகன்னன் இருந்தார். 1955இல் ஹோல்கர் அணியை அதன் சொந்த ஊரான இந்தூரிலேயே வென்று, சென்னைக்கு முதல் ரஞ்சிக் கோப்பையைக் கொண்டுவந்த தலைவர் அவர். பிறகு அழகான ஆங்கிலத்தில் வர்ணித்தார்.

இவர்களெல்லாம் கெட்டிக்காரர்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இவர்கள் மைதானத்திலிருந்தும் கிளப்பிலிருந்தும் மைக்குக்கு வந்தவர்கள். ஆட்டம் தெரிந்தவர், ஆட்டம் தெரிந்தவருக்குச் சொன்ன வர்ணனை அது.

தமிழ் வர்ணனை வந்த வழி வேறு. அது நாடகத்திலிருந்தும் வீட்டுக் கூடத்திலிருந்தும் வந்தது. நான் சொல்ல வந்த விஷயமே இதுதான்.

சென்னை வானொலியில் ‘வானொலி அண்ணா’வாக இருந்து குழந்தைகளோடு கொஞ்சிப் பேசிய கூத்தபிரானை நினைத்துப் பாருங்கள். நாடகம் எழுதுவார், நடிப்பார், பாப்பாக்களுக்குக் கதை சொல்வார், கிரிக்கெட்டும் வர்ணிப்பார். ராமமூர்த்தி நீண்ட காலம் அந்த இருக்கையில் இருந்தார். இவர்களோடு வந்து சேர்ந்த இன்னொருவர் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார்.

சாத்தான்குளம் தெற்கே, பழைய திருநெல்வேலி ஜில்லாவில் உள்ள சிறிய ஊர். 1986க்குப் பிறகு தூத்துக்குடி மாவட்டம். பனையும் செம்மண் தேரியும் உள்ள சீமை. அந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்குக் கொழும்பு அடுத்த தெரு மாதிரி. ஜப்பாரும் இளமையில் இலங்கையில் இருந்தவர். இலங்கை வானொலியின் தமிழ் நாடகப் பகுதியில் அப்போது ‘சானா’ என்று அழைக்கப்பட்ட சண்முகநாதன் கோலோச்சிக்கொண்டிருந்தார். வானொலி நாடகம் என்பது விசித்திரமான கலை. திரை இல்லை, ஒப்பனை இல்லை, முகம் இல்லை. அழுகையையும் அந்தி மயக்கத்தையும் தொண்டை ஒன்றினாலேயே காட்டவேண்டும். அந்தக் கலையைக் கற்றுக்கொண்ட தொண்டை 1980இல் சேப்பாக்கத்துக்கு வந்தது. தமிழ்நாடும் கேரளமும் மோதிய ரஞ்சிப் பந்தயம் அவருக்கு முதல் வர்ணனை. 1982இல் இந்தியாவும் இங்கிலாந்தும் ஆடிய டெஸ்ட் பந்தயத்தில் சர்வதேச ஆட்டத்துக்கு வந்தார்.

அந்தப் பந்தயத்தைச் சற்று நின்று பார்க்கவேண்டும். அது ஜனவரி 13ந் தேதி ஆரம்பமாயிற்று. மறுநாள் பொங்கல். அன்று காலை மட்டையோடு இறங்கிய குண்டப்பா விசுவநாத்தும் யஷ்பால் சர்மாவும் மாலை வரை ஆட்டமிழக்கவில்லை. ஒரு முழு நாளில் ஒரு விக்கெட்டுகூட விழவில்லை! விசுவநாத் முடிவில் 222, யஷ்பால் 140. ஆட்டம் வெற்றி தோல்வியில்லாமல் முடிந்தது.

விக்கெட் விழும் நாளை யாரும் வர்ணித்துவிடலாம். ஒன்றும் விழாத நாளை வர்ணிப்பது எப்படி? பந்து வீச்சாளர் வருகிறார், வீசுகிறார், மட்டையாளர் தடுக்கிறார், மறுபடியும் வருகிறார். இதை ஆறுமணி நேரம் அலுக்காமல் சொல்லவேண்டும். கேட்பவரோ பொங்கல் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். நாடகம் தெரிந்தவருக்குத்தான் அது சாத்தியம். ஒன்றும் நடக்காத காட்சியில்தான் நடிகனின் சாமர்த்தியம் தெரியும் என்பார்கள்.

இந்த வேலைக்குத் தமிழ் இலக்கணமும் கைகொடுத்தது. ஆங்கிலத்தில் ‘அடித்தான்’ என்பது வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடும். பந்து எங்கே போயிற்று என்பது பின்னால் வரும். தமிழில் வினைமுற்று கடைசியில் நிற்கிறது. ‘ஓடி வந்து, கையை உயர்த்தி, அளவு சற்றுக் குறைவாக வீச, அதைப் பின்காலில் சாய்ந்து, மட்டையை மெல்லத் திருப்பி...’ என்று வினையெச்சங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகும். கேட்பவன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பான். முடிவைச் சொல்லும் உரிமை கடைசிச் சொல்லுக்குத்தான். பந்து வீச்சாளரின் ஓட்டமும் வாக்கியத்தின் ஓட்டமும் ஒன்றாக வந்து முடியும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பிரம்பைக் காட்டி வினையெச்சம் கற்பித்தபோது எனக்கு மண்டையில் ஏறவில்லை. வானொலியைக் கேட்டுத்தான் ஏறியது!

எல்லாவற்றையும் தமிழாக்கிவிட வேண்டும் என்ற வீம்பும் அவர்களிடம் இல்லை. மட்டை, பந்து, ஓட்டம், நடுவர், எல்லைக்கோடு என்று இயல்பாக வருவதைத் தமிழில் சொன்னார்கள். விக்கெட்டும் ஓவரும் அப்படியே நின்றன. கல்யாண வீட்டில் சம்பந்தியை நடத்துவதுபோல் வந்த சொற்களை மரியாதையாக நடத்தினார்கள்.

எங்கள் ஜில்லாக்காரனுக்கு இந்தக் கலை புதிதல்ல. மாசி, பங்குனி பிறந்துவிட்டால் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் பாரதக் கூத்து. துரியோதனன் திரைக்குப் பின்னால் நிற்கும்போதே கட்டியங்காரன் முன்னால் வந்துவிடுவான். வரப்போகிறவர் யார், எப்பேர்ப்பட்டவர், எதற்காக வருகிறார் என்று சொல்லி, நடுவே ஒரு கேலியும் செய்து, கடைசி வரிசையில் சாக்கை விரித்துப் படுத்திருக்கும் கிழவியையும் கதைக்குள் இழுத்துவிடுவான். அவன் ராஜாவும் அல்ல, மந்திரியும் அல்ல. ஆனால் அவன் இல்லாவிட்டால் கூத்து மேடையோடு நின்றுவிடும், சபைக்கு வராது. சேப்பாக்கத்தில் மைக்கின் முன் உட்கார்ந்தவர்கள் அந்தக் கட்டியங்காரனின் வாரிசுகள்.

கிழவியைச் சொன்னேனே, எங்கள் வீட்டிலேயே அதற்குச் சாட்சி உண்டு. 1987 அக்டோபர் 9ந் தேதி, உலகக் கோப்பையில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் சேப்பாக்கத்தில் ஆடின. நான் சின்னப் பையன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசி ஆட்டக்காரரான மணீந்தர் சிங் ஆட்டமிழக்க, ஒரே ரன்னில் இந்தியா தோற்றது. முந்தின வருஷம் செப்டம்பரில், இதே சேப்பாக்கத்தில், இதே ஆஸ்திரேலியாவோடு ஆடிய டெஸ்ட் பந்தயம் சமமாக முடிந்ததே, அதிலும் கடைசியாக ஆட்டமிழந்தவர் அவர்தான். வர்ணனை முடிந்தது. அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

“பாவம்டா, போன வருஷமும் அந்தப் புள்ளதானே? ஊட்டுக்குப் போனா அவங்க அம்மா மூஞ்சிய எப்பிடிப் பாப்பான்?” என்றாள்.

மணீந்தர் சிங் யார், எந்த ஊர், எதுவும் அவளுக்குத் தெரியாது. மைதானத்தை அவள் தன் ஆயுளில் பார்த்ததில்லை. ஆனால் அவரை ஒரு தாய் பெற்ற பிள்ளையாக அவளுக்கு யாரோ காட்டியிருக்கிறார்கள். அதை கிளப்பில் வளர்ந்த வர்ணனை செய்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம். வர்ணித்தவரே ஒரு குடும்பஸ்தர். கூடத்தில் யார் யார் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். அம்மா இருக்கிறாள், படிப்பை விட்டுவிட்டுப் பையன் இருக்கிறான், ஈஸிசேரில் தாத்தா இருக்கிறார். அத்தனை பேருக்கும் பொதுவான ஒரு மரியாதையோடு பேசினார்கள். தோற்றவனை ஏசவில்லை. எதிரி நன்றாக ஆடினால் பாராட்டினார்கள். ‘நேயர்களே’ என்று அழைத்ததே, வாசலில் நின்று ‘உள்ளே வரலாமா?’ என்று கேட்பதுபோல் இருக்கும்.

குடும்பஸ்தர் என்பதற்கு இன்னோர் அர்த்தமும் உண்டு. வர்ணனை யாருக்கும் சோறு போட்டதில்லை. வானொலி நிலையத்து ஊழியர்களாக இல்லாதவர்களுக்கு நாளுக்கு இவ்வளவு என்று ஒரு சன்மானம்; அவ்வளவுதான். டெல்லியில் தேவராஜ் பூரி வர்ணித்தார். அவருக்குப் பின் மகன் நரோத்தம் பூரி வர்ணித்தார். மகனுக்குத் தொழில் காது, மூக்கு, தொண்டை வைத்தியம். ஊரார் தொண்டையைப் பார்த்துச் சம்பாதித்து, தன் தொண்டையை நாட்டுக்குக் கொடுத்தார் என்று சொல்லலாம். தமிழில் பேசியவர்கள் கதையும் அதேதான். ஐந்து நாள் டெஸ்ட் என்றால் தெற்குக் கோடியிலிருந்து ராத்திரி ரயில் ஏறிச் சென்னைக்கு வரவேண்டும். பிழைப்பை விட்டுவிட்டு வரவேண்டும். பொங்கல் அன்று எங்கள் வீடுகளில் சந்தோஷத்தைக் கொண்டுவந்த குரல்களுக்கும் வீடுகள் இருந்தன. அங்கே ஒரு மனைவி, பெட்டியில் கேட்கும் கணவனின் குரலை வைத்து அவருக்கு ஜலதோஷமா இல்லையா என்று கண்டுபிடித்துக்கொண்டிருந்திருப்பாள். அந்த வீட்டுக்காரிகளின் சம்மதம் இல்லாமல் தமிழில் வர்ணனையே இருந்திருக்காது.

இந்தக் குரல்களின் சக்தியை நான் முழுசாகப் பார்த்தது 1999 ஜனவரி 31ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி, தைப்பூசமும் சேர்ந்துகொண்டது. கிரிவலப் பாதை நிறைய ஜனங்கள். சேப்பாக்கத்தில் பாகிஸ்தானோடு டெஸ்ட் பந்தயம். ஜெயிக்க 271 வேண்டிய இந்தியா, 82க்கு ஐந்து விக்கெட்டை இழந்து தத்தளித்தது. டெண்டுல்கரும் மோங்கியாவும் தூக்கி நிறுத்தினார்கள். எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் வானொலிப் பெட்டி ஒன்று ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மலையைச் சுற்றுகிறவர்கள் நடுவில் நிற்கக் கூடாது என்பார்கள். அன்று நின்றார்கள். காவி கட்டியவர், பட்டணத்துக்காரர், தலையில் மூட்டையோடு வந்த கிராமத்துப் பெண்கள் என்று ஒரு கூட்டம். ‘இன்னும் எவ்ளோ வேணும் சாமி?’ என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள்.

254இல் டெண்டுல்கர் விழுந்தார். அவர் அடித்தது 136. மிச்சமிருந்த மூன்று விக்கெட்டுகளும் நாலே ரன்னில் போய்விட்டன. பன்னிரண்டு ரன்னில் தோல்வி. கடையில் யாரும் பேசவில்லை. அப்போது பெட்டியில் கைதட்டல் கேட்டது. ஓயாத கைதட்டல். பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் மைதானத்தைச் சுற்றி வருகிறார்கள், சேப்பாக்கத்து ஜனங்கள் எழுந்து நின்று அவர்களுக்குக் கைதட்டுகிறார்கள் என்று தமிழில் சொன்னார்கள். கடையில் ஒருவர் தட்ட ஆரம்பித்தார். பிறகு இன்னொருவர். அங்கே அவர்கள் மைதானத்தை வலம் வந்தார்கள்; இங்கே இவர்கள் மலையை வலம் போகக் கிளம்பினார்கள். அந்நாளில் இரண்டு நாடுகளுக்கும் இடையே இருந்த மனக்கசப்பு எல்லோருக்கும் தெரியும். அந்தக் கசப்பை ஒரு மாலைப்பொழுதுக்காவது துப்பவைத்ததில் சேப்பாக்கத்து ரசிகனுக்கு எவ்வளவு பெருமை உண்டோ, அதைக் கேலியின்றி, கோபமின்றி வீடுகளுக்குக் கொண்டுவந்த குரல்களுக்கும் அவ்வளவு உண்டு.

அப்புறம் காலம் மாறிற்று. தொலைக்காட்சி வந்தது, பார்க்கிறவனுக்கு வர்ணனை ஊறுகாய் ஆயிற்று. ஜப்பாரைப் பின்னாளில் தொலைக்காட்சியும் அழைத்தது. ‘காற்று வெளியினிலே’ என்ற புத்தகத்தை அவர் எழுதினார். ‘அழைத்தார் பிரபாகரன்’ என்று இன்னொரு புத்தகமும் உண்டு. தம் குரல் காற்றில் போய்விடும் என்று தெரிந்தவர்தான் அந்தத் தலைப்பை வைத்திருக்க முடியும். கூத்தபிரான் 2014இல் மறைந்தார். ஜப்பார் 2020 டிசம்பரில், தமது 81வது வயதில் காலமானார். நோய்த்தொற்றின் பயத்தில் ஊரே கதவைச் சாத்தியிருந்த வருஷம் அது. இழவு கேட்கப் போவதற்கே ஜனங்கள் தயங்கினார்கள்.

விசுவநாத் எடுத்த 222 புள்ளிவிவரப் புத்தகத்தில் இருக்கிறது. இனி யாரும் அதை அழிக்க முடியாது. அந்த 222ஐ ஒரு பொங்கல் நாளில் தமிழ்நாட்டு வீடுகளுக்கு எடுத்து வந்த வார்த்தைகளை எந்தப் புத்தகமும் எழுதி வைக்கவில்லை. மணீந்தர் சிங்குக்காக அடி அண்ணாமலையில் ஒரு தாய் முறத்தைக் கீழே வைத்ததற்கும் அங்கே பத்தி கிடையாது. கல் வெட்டும் தச்சர்கள் வெட்டாததை எழுதுகிறவனாவது வெட்டி வைக்கவேண்டும். ஆகையால் பழைய கல்வெட்டுக்காரர்களின் சுருக்கத்தோடு நானும் எழுதிவிடுகிறேன்: சாத்தான்குளத்து அப்துல் ஜப்பாரும், வானொலி அண்ணா கூத்தபிரானும், ராமமூர்த்தியும் சேப்பாக்கத்தில் இருந்து, பார்க்க முடியாதவர்களுக்குப் பார்த்துச் சொன்னார்கள், உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். ஆடு, நிலம் ஏதும் இவர்கள் விட்டதாகத் தகவல் இல்லை. விட்டது குரல்.